அன்பியக் கூட்டத்துல பைபிளை சேர்ந்து வாசிக்கிறது எப்படி (புதுசா அனிமேட்டர் ஆனவங்களுக்கு)

நம்ம ஊர்ல அன்பியக் கூட்டம் (பக்கத்து பக்கத்து கத்தோலிக்க வீடுகள் சேர்ந்த சின்னக் குழுவோட கூட்டம், அதை நடத்துறவர்தான் அனிமேட்டர்) பெரும்பாலும் எப்படி நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு ஜெபமாலை, ஒரு பாட்டு, யாராவது பைபிளை எடுத்து கடகடன்னு வாசிச்சு முடிப்பாங்க, சிஸ்டரோ உபதேசியாரோ வந்திருந்தா கால் மணி நேரம் பிரசங்கம், அதுக்கப்புறம்தான் உண்மையான கூட்டமே ஆரம்பிக்கும், அதாவது திருவிழா வரி யார் குடுத்தாச்சு யார் பாக்கி, சப்பரத்துக்குப் பூ யாரு, அடுத்த மாசம் யார் வீடு. டீ, மிக்சர், கிளம்பிடுவோம். வாசல்ல செருப்பு மாட்டும்போது இன்னைக்கு என்ன வாசகம்னு கேட்டுப் பாருங்க, பாதி பேர் முழிப்பாங்க.

2021 அக்டோபர்ல போப் பிரான்சிஸ் ஆயர் மாமன்றத்தை (பிஷப்புங்க கூடிப் பேசுற பெரிய கூட்டம்) ஆரம்பிச்சு வச்சப்போ பல பங்குகள்ல, அதாவது ஒரு ஃபாதர் பொறுப்புல இருக்கிற கோயில் பகுதிகள்ல, கேள்வித்தாள் குடுத்து கருத்து கேட்டாங்க, ஞாபகம் இருக்கும். அப்புறம் 2023 அக்டோபர்லயும் 2024 அக்டோபர்லயும் ரோம்ல உட்கார்ந்து பேசுனாங்க, கர்தினால், ஆயர், சிஸ்டர், சாதாரண பொதுநிலையினர்னு எல்லாரும் வட்ட மேஜைல கலந்து உட்கார்ந்து, பெண்களுக்கும் முதல் தடவையா ஓட்டு குடுத்து. 2024 அக்டோபர் 26 இறுதி அறிக்கையை ஓட்டுக்கு விட்டு முடிச்சாங்க. அதோட விஷயம் முடிஞ்சுதுன்னு நினைக்கிறவங்க நிறைய, ஆனா 2028 அக்டோபர்ல வத்திக்கான்ல இதுக்குன்னே ஒரு பேரவை வச்சிருக்காங்க, அதுவரைக்கும் உங்க உங்க ஊர்ல செஞ்சு பாருங்கன்னுதான் சொல்லியிருக்காங்க. அந்த அறிக்கையோட 155 பத்தியையும் படிச்சா நல்லதுதான். ஆனா அதைவிட அவங்க அங்க எந்த முறைல பேசுனாங்களோ அதைக் கத்துக்கிட்டா நம்ம திண்ணைலயே அதை நடத்தலாம், காசு செலவே இல்ல.

ரெண்டு முறையை சேர்த்துதான் நான் சொல்லப்போறேன். ஒண்ணு ஏழு படி நற்செய்திப் பகிர்வு. இது தென்னாப்பிரிக்கால லும்கோங்கிற மேய்ப்புப்பணி நிலையத்துல ஆஸ்வால்ட் ஹிர்மர், ஃப்ரிட்ஸ் லோபிங்கர்னு ரெண்டு ஜெர்மன் ஃபாதர்ங்க உருவாக்குனது, ரெண்டு பேரும் பின்னாடி அங்கயே ஆயர் ஆனாங்க. சாமியார் எப்பவாவது ஒரு தடவைதான் வர முடியுற ஊர்ல ஜனங்களே பைபிளை வச்சு கூடிக்கணும்னு பண்ணுனது, அதனால இதுக்கு படிச்சவங்க தேவையே இல்ல. 1990ல இந்தோனேசியால இருக்கிற பாண்டுங்ல ஆசிய ஆயர்கள் கூடி, பங்குன்னா சின்னச் சின்ன குழுக்கள் சேர்ந்த ஒரு பெரிய குழுவா இருக்கணும்னு சொன்னப்புறம் ஆசியா முழுக்க இது இன்னும் வேகமா பரவுச்சு. இன்னொண்ணு ரோம்ல பயன்படுத்துன தூய ஆவியில் உரையாடல். முதல் முறை வசனத்தை கேக்க வைக்கும், ரெண்டாவது முறை, பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவரைக் கேக்க வைக்கும், நம்ம ஆளுங்களுக்கு கஷ்டம் ரெண்டாவதுலதான்.

கூட்டத்துக்கு முன்னாடி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு வட்டத்துக்கு 8லருந்து 12 பேர் வரைக்கும் சரி, 25 பேர் வந்துட்டா ஹால்ல ஒண்ணு மொட்டை மாடில ஒண்ணுன்னு ரெண்டாப் பிரிச்சுடுங்க, இல்லேன்னா நாலு பேர் பேசுவாங்க மிச்சம் பேர் ஃபேனைப் பாத்துட்டு இருப்பாங்க. எல்லாரும் ஒரே உயரத்துல உட்காரணும், சாமியாருக்கும் சிஸ்டருக்கும் மட்டும் சேர் போட்டு மத்தவங்க பாயில உட்கார்ந்தா அங்கயே முடிஞ்சுது, அப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. 1995ல வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு ரெண்டு மூணு காப்பியாவது கைல இருக்கட்டும். போன்ல டவுன்லோடு பண்ணி வச்சிருக்கிற ஆப்ல பல நேரம் பழைய மொழிபெயர்ப்புதான் இருக்கும், நீங்க விடுதலைப் பயணம்னு சொல்லுவீங்க, அங்க யாத்திராகமம்னு இருக்கும், அவங்க தேடி முடிக்கிறதுக்குள்ள வாசகம் முடிஞ்சுடும். போன் எல்லாத்தையும் சைலண்ட்ல போடச் சொல்லுங்க, வீட்டுக்காரங்ககிட்ட டிவியை ஆஃப் பண்ணச் சொல்ல சங்கடப்படாதீங்க, குக்கர் விசில் வந்தா பரவால்ல.

வாசகம் எதுன்னு அனிமேட்டர் முன்னாடியே ஃபிக்ஸ் பண்ணிடணும். முதல் தடவைக்கு லூக்கா 24:13-35, எம்மாவு போற வழி. ஏன்னா இந்த முறை மொத்தமும் அந்தக் கதைக்குள்ளயே இருக்கு. ரெண்டு பேர் மனசு உடைஞ்சு எருசலேமை விட்டு கிளம்பி போறாங்க, கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர், இயேசு வந்து கூட நடக்கிறார், ஆனா உடனே நான்தான்னு சொல்லல, உடனே பைபிளை எடுத்து விளக்கவும் இல்ல. என்ன பேசிட்டு வர்றீங்கன்னு கேக்கிறார். அவங்க கதை முழுக்க சொல்லி முடிக்கிற வரைக்கும் கேக்கிறார், அவங்களோட ஏமாற்றம், பெண்கள் கல்லறைக்குப் போயிட்டு வந்து சொன்னதை இவங்க நம்பாம விட்டது, எல்லாத்தையும். 25ஆம் வசனத்துலதான் அவர் பதில் பேச ஆரம்பிக்கிறார், மோசே, இறைவாக்கினர்னு மறைநூலை விளக்கிறது 27ல. நம்ம கூட்டங்கள்ல இதை அப்படியே தலைகீழாப் பண்றோம், முதல்ல விளக்கம், நேரம் இருந்தா கேள்வி, ஜனங்க கதையைக் கேக்க நேரமே வராது.

இப்போ கூட்டம். முதல் படி, யாராவது ஒருத்தர் ரெண்டு வரில சொந்த வார்த்தைல ஆண்டவரைக் கூப்பிடணும். நீளமான மன்றாட்டு வேணாம். "ஆண்டவரே வாங்க, எங்க கூட உக்காருங்க" போதும், சின்னப் புள்ளைங்களை விட்டு சொல்ல வச்சா இன்னும் நல்லா இருக்கும்.

ரெண்டாவது படி வாசிக்கிறது. அதிகாரத்தைச் சொல்லிட்டு எல்லாரும் பக்கத்தை எடுக்கிற வரைக்கும் காத்திருங்க, அப்புறம் வசன நம்பர், அப்புறம் ஒரே ஒருத்தர் மெதுவா வாசிக்கட்டும். பூசைல வாசிக்கிற ஸ்டைல்ல இழுக்கத் தேவையில்ல.

மூணாவது படிலதான் எல்லாரும் தடுமாறுவாங்க, அதனால இங்க கொஞ்சம் பொறுமையா சொல்றேன். அவங்கவங்க மனசுல ஒட்டுன ஒரு வார்த்தையையோ ஒரு சின்னத் தொடரையோ சத்தமா சொல்லணும். அவ்ளோதான். ஏன் பிடிச்சுதுன்னு சொல்லக்கூடாது, விளக்கக்கூடாது, வெறும் அந்த வார்த்தை மட்டும், ரெண்டு மூணு தடவை இடைவெளி விட்டு. "எங்களோடு தங்கும்." கொஞ்சம் அமைதி. "எங்களோடு தங்கும்." முதல் தடவை இதைச் செய்யும்போது சிரிப்பு வரும், பசங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க, ஒருத்தர் கண்டிப்பா "இந்த வார்த்தை எனக்கு ஏன்னா..."ன்னு ஆரம்பிப்பார், அப்போ அன்பா "அண்ணே, அதை அப்புறம் சொல்லலாம், இப்ப வார்த்தை மட்டும்"னு நிறுத்திடுங்க. நிறுத்தலேன்னா மூணாவது படி அங்கயே செத்துப்போகும். ஒருத்தர் சொன்ன வார்த்தையையே இன்னொருத்தரும் சொல்லலாம், தப்பில்ல, சொல்லப்போனா ஒரே வார்த்தை நாலு வாயில இருந்து வரும்போதுதான் அது வேற மாதிரி கேக்கும். எல்லாரும் முடிச்சதும் முழு வாசகத்தையும் இன்னொருத்தர் திரும்ப வாசிக்கட்டும், வேற குரல்ல, முதல்ல ஆம்பள வாசிச்சா இப்ப பொம்பள.

எழுதப் படிக்கத் தெரியாதவங்க இதுல எப்படி கலந்துக்குவாங்கன்னு கேக்காதீங்க, அவங்கதான் இதுல கில்லாடி. நாங்க எம்மாவு வாசிச்ச ஒரு கூட்டத்துல மத்தவங்க எல்லாம் உள்ளம் பற்றி எரியவில்லையா, அப்பத்தைப் பிட்டு, இந்த மாதிரி தெரிஞ்ச வரிங்களையே சொல்லிட்டு இருந்தாங்க, கதவோரமா உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, பைபிள் கைல கூட இல்ல, "அப்பால் போகிறவர் போல"ன்னு சொன்னாங்க. 28ஆம் வசனம். நானெல்லாம் அந்த வரியை அத்தனை தடவை தாண்டிப் போயிருக்கேன், நின்னதே இல்ல.

நாலாவது படி அமைதி. 3 நிமிஷம்னு வாட்ச் பாத்து வைங்க, பழகுனதும் 5 ஆக்கலாம். இதுல பாட்டு போடாதீங்க, கீபோர்டு வாசிக்காதீங்க, தியான மியூசிக் எதுவும் வேணாம். முதல் நிமிஷம் இருமல் வரும், ரெண்டாவது நிமிஷம் யாராவது டைம் பாப்பாங்க, மூணாவதுல அடங்கிடும்.

அஞ்சாவது படி பகிர்வு. இங்கதான் ரோம்ல செஞ்ச முறையை உள்ள நுழைக்கணும். முதல் சுத்துல ஒவ்வொருத்தரும் 2 நிமிஷம், அதிகம் போனா 3, அந்த வார்த்தை என் வாழ்க்கைல எங்க தொடுதுன்னு சொல்லணும். "நாம எல்லாரும் விசுவாசத்தோட இருக்கணும்" மாதிரி நாம-ல ஆரம்பிச்சா அது பிரசங்கம். நான்-ல ஆரம்பிக்கணும். குறுக்க யாரும் பேசக்கூடாது, ஆறுதல் கூட சொல்லக்கூடாது, பதில் சொல்லக்கூடாது. பேச விருப்பமில்லாதவங்க அடுத்தவருக்கு விட்டுடலாம், கட்டாயப்படுத்தாதீங்க. சுத்து முடிஞ்சதும் ஒரு நிமிஷம் அமைதி.

ரெண்டாவது சுத்துல யாரும் சொந்தக் கருத்து சொல்லக்கூடாது. மத்தவங்க சொன்னதுல எது எனக்குள்ள நின்னுச்சு, அதை மட்டும்தான் சொல்லணும். இதுதான் மொத்த விஷயத்துக்கும் சாவி, இதை விட்டுட்டீங்கன்னா 12 தனித்தனி பேச்சு நடந்த கூட்டமாத்தான் இருக்கும். ரெண்டாவது சுத்து வரும்னு தெரிஞ்சாலே முதல் சுத்துல ஜனங்க காதைக் குடுத்து கேப்பாங்க, இல்லேன்னா அடுத்து நான் என்ன சொல்றதுன்னுதான் மனசுக்குள்ள ஒத்திகை ஓடிட்டு இருக்கும். அந்த பாட்டி முதல் சுத்துல சொன்னது இவ்ளோதான்: "நம்ம வீட்டுக்கு வர்றவங்களும் கிளம்புறேன் கிளம்புறேன்னுதான் சொல்லுவாங்க, இருந்து சாப்டுட்டுப் போங்கன்னு நாமதான் ரெண்டு தடவை சொல்லணும், அவரும் அப்படித்தான் நின்னிருக்காரு. என்னைய அப்படி இருன்னு சொல்லி யாரும் கூப்ட்டு ரொம்ப நாளாச்சு." ரெண்டாவது சுத்துல பாதி பேர் அதைத்தான் சொன்னாங்க, ஒரு அக்கா தெருக்கோடில படுத்த படுக்கையா இருக்கிற ஒரு அம்மா வீட்டுக்கு கூட்டம் போனதே இல்லையேன்னு சொன்னாங்க, அவங்க பேரு லிஸ்ட்ல இருக்கு, வரி மட்டும் வாங்குறோம்.

அன்னைக்கு ஆறாவது படி அங்க இருந்து தானாவே வந்துடுச்சு. இந்தப் படி என்னன்னா, வாசிச்சதை வச்சு குழுவா ஒரே ஒரு வேலையை முடிவு பண்றது. யாரு, என்ன, எப்போ, மூணையும் நோட்ல எழுதணும். "ஏழைகளுக்கு உதவுவோம்" வேலை இல்ல. "அடுத்த கூட்டம் அந்த அம்மா வீட்டுல, அவங்க கட்டில் பக்கத்துல, நற்கருணை குடுக்க ஃபாதர்கிட்ட இன்ன அக்கா பேசுவாங்க" இது வேலை. போன கூட்டத்துல எடுத்த வேலை என்ன ஆச்சுன்னு முதல்ல கேட்டுட்டுதான் புது வேலை. நிறைய அன்பியங்கள் அஞ்சாவது படியோட உருக்கமா முடிச்சுட்டு டீக்குப் போயிடறாங்க, அழுதோம் ஆறுதலாச்சுன்னு. என் கணக்குப்படி ஆறாவது இல்லாத கூட்டம் பாதிக் கூட்டம்தான். வரி, பூ, மின்விளக்கு விஷயங்களும் இந்த இடத்துல, இதுக்கு அப்புறமா, 10 நிமிஷத்துல பேசி முடிச்சுடலாம், மறக்க வேணாம், அதுவும் தேவைதான்.

ஏழாவது படில விரும்புறவங்க சொந்தமா ஜெபிக்கலாம், கடைசில எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்ச ஒண்ணு, "பரலோகத்துல இருக்கிற" ஜெபம் போதும். மொத்தம் ஒரு மணி நேரம், ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல போச்சுன்னா அடுத்த தடவை ஆள் குறையும்.

இனி சிக்கல்கள். எல்லா அன்பியத்துலயும் ஒரு பிரசங்கியார் இருப்பார், அவர்கிட்ட மைக் போனா திரும்ப வராது. அவரை சண்டை போட்டு அடக்க முடியாது, நேரம் பாக்கிற வேலையை அவர்கிட்டயே குடுத்துடுங்க, மத்தவங்களை 2 நிமிஷத்துல நிறுத்துறவர் தான் மட்டும் 10 நிமிஷம் பேச கூச்சப்படுவார். யாராவது அழுதா உடனே தண்ணி குடுத்து, தட்டிக் குடுத்து, "விடுங்கக்கா எல்லாம் சரியாயிடும்"னு மூடாதீங்க, சும்மா இருங்க, அவங்களே முடிப்பாங்க. ஆனா ஒருத்தர் வீட்டு விஷயம், அடிக்கிற புருஷன், குடி, கடன் இந்த மாதிரி வந்தா அது வட்டத்தை விட்டு வெளிய போகக்கூடாதுன்னு ஆரம்பத்துலயே எல்லார் முன்னாடியும் சொல்லிடணும், அது ஆபத்தான விஷயம்னா கூட்டம் முடிஞ்சு தனியா பேசி சிஸ்டர்கிட்டயோ சரியான இடத்துலயோ சேர்க்கணும், ஜெபத்தோட விட்டுடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரரை குத்திக்காட்ட வசனத்தை எடுக்கிறவங்களும் உண்டு ("சிலர் இருக்காங்க, கோயிலுக்கு வருவாங்க, ஆனா..."), அப்போ அனிமேட்டர் ஒரே கேள்வி கேக்கணும், "உங்களை எந்த வார்த்தை தொட்டுச்சு?"

யார் வீட்டுல கூடுறதுங்கிறது இதையெல்லாம் விட பெருசு, பலர் இதை வாயால பேச மாட்டாங்க, நான் பேசிடறேன். ஒரே பங்குக்குள்ள மேலத் தெருவும் காலனியும் தனித்தனி அன்பியமா இருக்கிற ஊர்கள் இருக்கு, ஒரே அன்பியமா இருந்தாலும் சில வீடுகள்ல மட்டும் கூட்டம் வராது, வந்தாலும் டீ குடிக்காம "இப்பத்தான் குடிச்சேன்"னு எழுந்துக்கிறது இருக்கு. இந்திய ஆயர் பேரவை 2016ல தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையே வெளியிட்டாச்சு, சாதிப் பாகுபாடு பாவம்னு சொல்லாத ஃபாதரும் இல்ல, ஆனா டீ கிளாஸ்ல அது இன்னும் இறங்கல. வீடு சுத்துற வரிசையை தெரு வரிசைப்படி பேப்பர்ல எழுதி ஒட்டிடுங்க, யாரையும் தாண்டாம, டீ இல்ல சர்பத், எதுவானாலும் அந்தந்த வீட்டுல குடுக்கிறதை எல்லாரும் குடிக்கணும். அந்த சமயத்துல வாசிக்க திருத்தூதர் பணிகள் 10ஆம் அதிகாரத்தை விட நல்ல வாசகம் கிடையாது, யூதரான பேதுரு, வேற இனத்தவரான கொர்னேலியு வீட்டு வாசல்படி ஏறுனது. அடுத்த அதிகாரத்துல எருசலேம்ல இருந்தவங்க அவர்கிட்ட சண்டைக்கு வர்றாங்க, அவங்க வீட்டுக்குள்ள போய் அவங்ககூட சாப்பிட்டியேன்னு. ரெண்டையும் சேர்த்து வாசிங்க, யாரும் விளக்கவே வேண்டியிருக்காது.

இதே முறையை பங்குப் பேரவைலயும் (ஃபாதரோட உட்கார்ந்து பங்கு விஷயங்களைப் பேசுற குழு) வைக்கலாம், அங்க இன்னும் அவசியம். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கு, மண்டபம் கட்டுறதா, ஸ்கூல் பீஸ் உதவிக்கு வைக்கிறதா, கல்லறைத் தோட்ட சுவரான்னு, அப்போ திருத்தூதர் பணிகள் 15ஐ வாசிச்சுட்டு ஆரம்பிங்க. பிற இனத்தார் (யூதர் இல்லாதவங்க) விருத்தசேதனம் பண்ணிக்கணுமான்னு பெரிய தகராறு. அதுல வரிசையைக் கவனிங்க, நெடுநேர விவாதம், பேதுரு தன் அனுபவத்தைச் சொல்றார், 12ஆம் வசனத்துல எல்லாரும் அமைதியாகி பவுலும் பர்னபாவும் சொல்றதைக் கேக்கிறாங்க, அதுக்கப்புறம்தான் யாக்கோபு ஆமோஸ் புத்தகத்துல இருந்து வசனத்தை எடுக்கிறார். முடிவை கடிதமா எழுதி, ஆள் கைல குடுத்து, நேர்ல போய் விளக்கவும் சொல்லி அனுப்புறாங்க. நம்ம பேரவைல முடிவு எடுத்ததும் அது நோட்டுக்குள்ளயே இருந்துடும், ஜனங்களுக்கு உண்டியல் கவர் வரும்போதுதான் தெரியும். முதல் சுத்து, அமைதி, ரெண்டாவது சுத்து, அமைதி, மூணாவதா எல்லாரும் சேர்ந்து எங்க ஒத்துப்போறோம் எங்க போகலைன்னு பேசுங்க, ஒத்துப்போகாததையும் மினிட்ஸ்ல எழுதுங்க. திருச்சபைச் சட்டப்படி பேரவைக்கு ஆலோசனை சொல்ற அதிகாரம் மட்டும்தான், கடைசி முடிவு பங்குத்தந்தையோடது, அது உண்மை. ஆனா ஆயர் மாமன்ற இறுதி அறிக்கைல ஆலோசனை கேட்டுட்டு காரணம் சொல்லாம ஒதுக்கக்கூடாதுன்னும், பங்கு பேரவை கண்டிப்பா இருக்கணும்னும் பேசியிருக்காங்க, ஃபாதர்கிட்ட மரியாதையா அதை ஞாபகப்படுத்தலாம், அவங்க பல பேருக்கு இது சுமை குறையுற விஷயமும்தான். விடுதலைப் பயணம் 18ல மாமனார் இத்திரோ வந்து மோசேகிட்ட சொன்னது அதேதான், ஒத்தை ஆளா காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்தா நீயும் களைச்சுடுவ ஜனங்களும் களைச்சுடுவாங்கன்னு.

பொருத்தமான வாசகம் இன்னும் கொஞ்சம் சொல்லிடறேன். திருத்தூதர் பணிகள் 6, பந்தியில கைம்பெண்களை கவனிக்கலைன்னு வந்த புகாரு, உதவி பங்கீடு பத்தி பேசுறப்போ. மாற்கு 7:24-30, பிள்ளைக்காக இயேசுகிட்டயே எதிர்வாதம் பண்ணுன அம்மா, பெண்கள் மட்டும் கூடுற கூட்டத்துல இது பிச்சுக்கிட்டு போகும். எண்ணிக்கை 11ல எல்தாது, மேதாதுன்னு ரெண்டு பேர் கூடாரத்துக்கு வராமலே பாளையத்துல இறைவாக்கு சொன்னது, இளைஞர்களோட வாசிக்க. ரூத்து முதல் அதிகாரம், மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்துல இருந்தா கொஞ்சம் தைரியத்தோட எடுங்க.

உயிர்ப்புக் காலத்துல ஒரு தடவை நடந்தே இதைச் செய்யலாம். வாசகத்தை கோயில்ல வாசிச்சுட்டு ரெண்டு ரெண்டு பேரா, வழக்கமா பேசிக்காதவங்களை ஜோடி போட்டு, பக்கத்து கெபி (மாதா சுரூபம் வச்ச சின்னக் குகை) வரைக்கும் நடக்கச் சொல்லுங்க. போகும்போது பாதி தூரம் ஒருத்தர் பேசணும், மிச்ச தூரம் மத்தவர், கேக்கிறவர் கேள்வி மட்டும் கேக்கலாம். வேளாங்கண்ணிக்கு நடந்து போற குழுக்கள் ஆகஸ்ட் கடைசில இதை ரோட்டுலயே பண்ணலாம், தினம் காலைல கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பத்தி வாசிச்சு, நடக்கிறப்போ ஜோடி மாத்தி, ராத்திரி தங்குற இடத்துல ரெண்டாவது சுத்து மட்டும். ஸ்பீக்கர் வச்ச வண்டியை மட்டும் கொஞ்சம் முன்னாடி விட்டுடுங்க, பக்கத்துல ஓடுனா ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்கு கேக்காது.